முடிச்சில்லாத வேர்

காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துத் தரும் பாக்டீரியாவை வேர்முடிச்சில் குடிவைக்கத் தெரியாத தட்டைப்பயறு அது. எந்த மரபணு பழுதாகி அப்படி ஆனது என்று ஆறு வருடமாகத் தேடி, மூன்றாம் குரோமோசோமில் ஒரு சின்ன இடம்வரை நெருங்கியிருந்தாள் செண்பகவல்லி. உரமில்லாத மணலில் அந்தச் செடி வெளுத்து மடிய வேண்டும். திங்கட்கிழமை காலையில் பச்சைப்பசேலென்று நின்றது.

பிடுங்கிப் பார்த்தாள். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. அப்படியானால் யாரோ உரம் போட்டிருக்கிறார்கள். பசுமைக்குடிலின் இன்னொரு சாவி, அதே மரபணுவைத் தேடிக்கொண்டிருந்த தேவசகாயத்திடம் இருந்தது.

"உங்க தொட்டிய நான் எதுக்குங்க தொடப்போறேன்?" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. புகார் எழுதினாள். இயக்குநர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வேலையிலிருந்தும் நிறுத்திவைத்தார்.

அடுத்த வாரம், தினமும் செண்பகவல்லியிடம் சாவி வாங்கிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பாக்கியத்தம்மாள் தயங்கித் தயங்கி அவள் அறைக்கு வந்தாள்.

"அந்தக் கடைசித் தொட்டி மட்டும் சோகை புடிச்சாப்ல கெடந்துச்சும்மா. மனசு கேக்கல. ஒரு சிட்டிகை யூரியா போட்டுட்டேன். தப்புங்களா?"

செண்பகவல்லி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"