ஒற்றை இறக்கை விமானம்

திரைக்குப் பின்னால் நின்று பூங்கோதை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள்.

பன்னிரண்டு.

யாருக்கும் வயது பத்தைத் தாண்டவில்லை. எல்லார் கையிலும் அட்டையில் செய்த பாஸ்போர்ட்.

திரை என்பது நான்கு படுக்கை விரிப்புகள். அதற்கு அப்பால், சாப்பாட்டுக் கூடம் கொள்ளாமல் பெற்றோர். வார்சாவிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பி, பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரி வெயிலில் மின்னியது.

மூன்று வாரம் ஓடிவிட்டது. இன்று முகாமின் கடைசி நாள்.

போலந்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்க அமெரிக்காவிலிருந்து வந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. சிகாகோவில் இரண்டாம் வகுப்பு டீச்சர். பூங்கோதை என்ற பெயரைப் பிள்ளைகள் முதல் நாளே நறுக்கிவிட்டார்கள். பானி கோதை. பானி என்றால் அவர்கள் மொழியில் அம்மா, மேடம் என்கிற மாதிரி.

முகாமை நடத்தும் பார்பரா வைத்திருந்தது ஒரே ஒரு விதி. அமெரிக்க ஆசிரியர்களின் வாயிலிருந்து ஆங்கிலம் தவிர வேறு சொல் வரக் கூடாது.

அடுத்த கோடைக்கு யாரை மறுபடி அழைப்பது என்பதும் அவர் கையில்தான்.

அவளுக்குத் திரும்பி வர ஆசை. கேட்கத்தான் நா எழவில்லை.

திரை விலகியது.

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் விமானம். நீல வண்ணம் இன்னும் சரியாகக் காயவில்லை. உள்ளே பதினொரு பயணிகள் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கீழே இருபத்திரண்டு கால்கள். முன்னால் விமானி ஸோஷா, ஒன்பது வயது, காதை மூடிய தொப்பியோடு.

பாஸ்போர்ட் காட்டினார்கள். பெல்ட் போட்டார்கள். சிகாகோவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். ஒருவருக்கும் வசனம் மறக்கவில்லை.

விமானம் உறுமிக்கொண்டு ஓடியது.

இடது இறக்கை கழன்று விழுந்தது.

“அய்யோ!”

பன்னிரண்டு வாயும் ஒன்றாக.

அது அவளுடைய தமிழ்.

எப்போது சொன்னாள்? தோணி கவிழ்ந்த அன்றா? பிளம் ஜாம் குப்பி சிதறிய அன்றா? யாராவது முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட ஒவ்வொரு நாளுமா? ஒரு சொல்கூட நழுவவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்.

முன் வரிசையில் பார்பரா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஸோஷா கீழே கிடந்த இறக்கையைப் பார்த்தாள். திரையோரம் நின்ற பானி கோதையைப் பார்த்தாள். இதற்கு வசனம் எழுதியிருக்கவில்லை.

பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினாள். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“பெரியோர்களே, தாய்மார்களே. நம்மகிட்ட ஒரு இறக்கை இருக்கு. பரவாயில்ல. நடந்தே போகலாம்.”

கூடம் வெடித்துச் சிரித்தது.

விமானம் மேடையை விட்டு இறங்கியது. நாற்காலிகளுக்கு நடுவே, அப்பாக்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, அட்லாண்டிக்கை நடந்தே கடந்தது. விழுந்த இறக்கையை யாருடைய தாத்தாவோ எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். சமையற்கட்டுப் பெண்கள் கரண்டியோடு வந்து நின்று கைதட்டினார்கள். சிகாகோ கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தது. எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பார்த்தால் எதிரே பார்பரா.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தினார்.

“பதினாலு வருஷமா முகாம் நடத்துறேன்,” என்றார் தன் நிதானமான ஆங்கிலத்தில். “பிள்ளைங்க பாடமெல்லாம் நல்லா ஒப்பிப்பாங்க. பயந்துட்டா மட்டும் போலிஷ்தான் வரும். இன்னைக்கு இறக்கையே விழுந்துடுச்சு. ஒருத்தர் வாயிலயும் போலிஷ் வரலயே.”



பார்பரா குறிப்பேட்டைத் திறந்தார். பேனாவைத் திருகினார்.

“அந்த வார்த்தை. நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்ல. அமெரிக்காவுல எல்லாரும் சொல்றதா?”

கடைசி வரிசைக்குப் பின்னால், சிகாகோவில், பன்னிரண்டு பேரும் அம்மாக்களுக்குப் பாஸ்போர்ட் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வீட்டுல சொல்வோம்,” என்றாள்.

பார்பரா தலையசைத்தார். பேனாவைத் தாளில் வைத்தார்.

“எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க.”