எலெனிக்குப் பிடித்த சாலட்

இரண்டு நாளாக எலெனி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கிரேக்கக் கப்பல் கேப்டன், "இவள் என் உயிர், பார்த்துக்கொள்" என்று ஜபருல்லா வீட்டில் விட்டுவிட்டு, ஜாதிக்காய் வாங்கத் தீவின் மறுபக்கத்து ஊரான பாலிக் புலாவ் போயிருந்தார். நாளை வந்து, எலெனி வாடிக் கிடப்பதைப் பார்த்தால், கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் பிழைப்பே போய்விடும்.

"தக்காளியப் பெருசா வெட்டுலா. அவங்க கிராமத்துல அப்படித்தான்," என்றார் ஜபருல்லா.

"தாளிக்க வேணாமா?" என்றாள் மனைவி ஆசியா பீவி.

"எல்லாம் பச்சையாத்தான். வெள்ளரி, வெங்காயம், ஆலிவ் காய். மேல கேப்டன் குடுத்த பாலாடைக்கட்டி. கடைசியா ஆலிவ் எண்ணெய்."

"என் நெய்ச்சோத்தத் திரும்பிக்கூடப் பாக்கல. மகாராணியாட்டம் என் பாயில படுத்திருக்கா. நீங்க வேற போய்ப் போய்த் தலையத் தடவுறீங்க!"

"ஊரு விட்டு ஊரு வந்தவ. பாவம்லா."

தட்டை வைத்ததும் எலெனி எழுந்தாள். தக்காளி போயிற்று, வெள்ளரி போயிற்று, வெங்காயமும் போயிற்று. ஆலிவ் கொட்டையைக்கூடத் துப்பவில்லை. பாலாடைக்கட்டியை மட்டும் ஒதுக்கிவிட்டாள்.

"அதுக்கு என்ன கொறச்சலாம்?" என்றாள் ஆசியா பீவி.

ஜபருல்லா நிம்மதியாக எலெனியின் கொம்பைத் தடவிக் கொடுத்தார்.

"அது அவ பால்ல செஞ்சதுலா. சொந்தச் சரக்க எந்த வியாபாரி திம்பான்?"