மிங்கிடால்

தன் வேதியியல் அகராதியின் அச்சுப்படியில் ‘மிங்கிடால்’ என்ற சொல்லருகே சிவப்புக் கேள்விக்குறியைப் பார்த்ததும் பேராசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காற்புள்ளி, அரைப்புள்ளியில் காலம் தள்ளுகிற பிழை திருத்துபவளுக்கு இது எதற்கு?

“அபூர்வமான சொல்லும்மா. வளையச் சேர்மம் உடையறப்ப இந்தப் பொருள் ஒரு நொடி தோணி மறையும். குடுவையில நானே இருபது தடவை பார்த்திருக்கேன். உனக்கெங்கே புரியப்போகுது?”

“முழுக்க உங்க சொந்த உழைப்பா சார்?”

“பின்னே?”

பிழை திருத்துபவள் தன் பையிலிருந்து ஒரு பழைய அகராதியை எடுத்து வைத்தாள்.

“இது நான் தொகுத்தது. காப்பியடிக்கிறவங்க மாட்டணும்னு ஒரே ஒரு பொய்ச் சொல் சேர்த்தேன். மிங்கி எங்க வீட்டுப் பூனை. அதை எந்தக் குடுவையில பார்த்தீங்க சார்?”