மணிக்கூண்டில் குடிவந்த மைனா

பெருநகரத்துச் சிக்னல் விளக்கொன்றின் பின்னால் குடியிருந்த மைனாவை, விளக்கு மாற்ற வந்தவர்கள் கூட்டோடு வெளியேற்றிவிட்டார்கள். அது ரயில் கூரையில் ஒரு மணி நேரம் பயணம் செய்து, ஒரு சிறுநகரத்தின் மணிக்கூண்டில் வந்து உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள் முட்டையிட்டாக வேண்டும்.

“அண்ணே, இந்த ஊரு குடியிருக்க எப்படி?”

மணிக்கூண்டு தொண்டையைச் செருமிக்கொண்டது. “ஆதியிலே இங்கே ஓர் ஏரி இருந்தது.”

“இப்ப தண்ணி இருக்கா?”

“அவசரப்படாதே தங்கச்சி, அது நாலாம் அத்தியாயம். பெருநகரத்தைப் பிடிக்கப் புறப்பட்ட ஓர் அரசன், வெயில் தணியட்டும் என்று ஏரிக்கரையில் படுத்தான். பதினெட்டு வருஷம் இருந்துவிட்டான்.”

“அப்ப பெருநகரம்?”

“அதைப் பிடிக்க இன்னொருவன் வந்தான். அவனும் இங்கேதான் படுத்தான்.”

மைனாவுக்குக் கொட்டாவி வந்தது. சிக்னலில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அது ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை. கீழே வாய்க்காலில் எருமைகள் குளித்துக்கொண்டிருந்தன. கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பொந்து தெரிந்தது. மைனா மெல்ல உள்ளே நகர்ந்தது.

மணிக்கூண்டு மூன்றாம் அரசன், அவன் வெட்டிய வாய்க்கால், வாய்க்காலின் நீளம் குறித்த இருவேறு கருத்துகள் என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அதற்குச் சந்தேகம் வந்தது. இதுவரை அதன் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் முதல் அரசன் படுப்பதற்குள் ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள்.

“தங்கச்சி, நீயும் போயிட்டியா?”

“இங்கதான் இருக்கேன். முட்டை வெச்சாச்சுண்ணே. நிதானமா சொல்லுங்க, குஞ்சு பொரிக்கப் பதினாலு நாள் ஆகும்.”

மணிக்கூண்டு சந்தோஷத்தில் நாலேகாலுக்குப் பன்னிரண்டு அடித்தது. பிறகு, முறையாகச் சொல்ல வேண்டும் என்று மறுபடி ஏரியிலிருந்து ஆரம்பித்தது.