யார் வீட்டுத் தரை?

"இப்ப என்னப்பா வேலை பாக்கறே?"

இறக்குமதி வரி விசாரணை அலுவலக வராந்தாவில் டைல் கம்பெனி முதலாளி சும்மாதான் கேட்டார்.

"வீடுகளுக்கு டைல் ஒட்டறேன் முதலாளி."

"நம்ம டைலா?"

டொக்கு தலையைச் சொறிந்தான். "வெளிநாட்டு டைலுங்க."

டொக்கு என்பது பட்டப்பெயர். விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் விட்ட டைலைக் கண்டுபிடித்துவிடுவான். சூளை அணைந்து வேலை போன நாற்பது பேரில் அவனும் ஒருவன்.

முதலாளிக்குச் சுர்ரென்று ஏறியது.

"வெளிநாட்டுக்காரன் தன் ஊர்ல விக்கிற விலையைவிடக் கம்மியா இங்க கொண்டாந்து கொட்டறான், வரி போடுங்கன்னு நான் நாயா அலையறேன். மக கட்டற வீட்டைக்கூட எட்டிப் பாக்க நேரமில்லை. என் சாட்சி நீ, அவன் டைலையே ஒட்டறியா?"

"வயிறுன்னு ஒண்ணு இருக்கே முதலாளி."

"சரி, உன்னை விடு. வாங்கினவன் எவன்? அந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம சூளை அணைஞ்சுது. சொல்லு!"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். டொக்கு நழுவிவிட்டான்.

உள்ளே, அதிகாரி கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னான். "முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஆயிரம் டைல் தட்டுவேங்க. கடைசி மாசம் நூறுகூட வரலை."

இறக்குமதிக்காரரின் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். வராந்தாவில் முதலாளி போட்ட சத்தம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"இப்போ எங்க டைலைத்தானே ஒட்டறீங்க? யார் வீட்டுல?"

டொக்கு ஒரு தரம் முதலாளியைப் பார்த்தான்.

"ஒட்டறது நிஜம்தாங்க. வீட்டுக்காரங்க யாருன்னு சொல்ல மாட்டேன்."

"அது இங்கே தேவையில்லை" என்று அதிகாரி முடித்துவிட்டார். முதலாளிக்குத்தான் மனசு ஆறவில்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"எவனோ ஒருத்தனுக்கு இவ்வளவு விசுவாசமா? நாளைக்குச் சூளை மறுபடி எரிஞ்சாலும் உனக்கு அங்க வேலை கிடையாது, போ!"

டொக்கு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினான்.

அதில் தொங்கிய பித்தளை மீனை முதலாளிக்கு நன்றாகத் தெரியும். மகளின் புது வீட்டுச் சாவிக்கென்று அவரே தேடி வாங்கிக் கொடுத்தது.

"ஹால் முடிஞ்சுது. மாடிக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லுங்க" என்றான் டொக்கு. "பாப்பாவைத் திட்டிடாதீங்க முதலாளி. விலை கம்மின்னு வாங்கியிருக்கு, அவ்வளவுதான்."