யாரும் பார்க்காத படம்

"போதும் போதும், மூடுங்க!"

இருசம்மாள் அதட்டியதும் வீராசாமி பதறிப்போய்ப் படத்தை நிறுத்தினார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஓடவிட்டார். மறுபடியும், "மூடுங்க!"

மலேசியாவின் செலண்டார் நூலகத்தில் ஏர்கோன் கெட்டுப்போய் மாதக் கணக்காகிறது. வியர்த்து வடிந்துகொண்டிருந்த நூலகர் நிர்மலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற வீராசாமியும் அவர் மனைவியும் தினம் வந்து, இருக்கிற ஒரே கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு இதே கூத்துதான். வயசான காலத்தில் இதென்ன விளையாட்டு?

அவள் காதிலிருந்த போனில் தலைமை அலுவலகத்து ஜானகி மேடம்.

"நிர்மலா, உங்க தமிழ்ப் படங்கள ஒருத்தர்கூட பாக்கல. கணக்குல ஸீரோ. இந்த மாசத்தோட எடுத்துடப் போறோம்."

"இங்க தினமும் பாக்கறாங்களே மேடம்!"

"பாத்தா கணக்குல வந்திருக்கும் லா."

நிர்மலாவுக்குத் தலை சுற்றியது. அந்தப் படங்களைக் கேட்டு வாங்க அவள் கெஞ்சாத ஆள் இல்லை. அதற்கென்று மலாக்காவில் நடத்திய பயிற்சியே அவளுக்குப் பாதி விளங்கவில்லை. நூலகத்துப் படமாம், ஆனால் கைக்கு வராதாம். இன்டர்நெட்டிலேயே இருக்குமாம். யாராவது பார்த்தால்தான் நூலகம் காசு கட்டவேண்டுமாம். "புத்தகத்தைப் புரட்டினாத்தான் விலைன்னா, இது என்ன வியாபாரம்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பித் தீர்த்திருந்தாள்.

இப்போது பார்க்கிற ஆள் கண்ணெதிரே இருந்தும் கணக்கில் இல்லை! கோபம் அந்த இருவர் மேல் பாய்ந்தது.

"அங்கிள், பாக்கறதுன்னா ஒழுங்கா பாருங்க! சும்மா தொறந்து தொறந்து மூடிக்கிட்டு!"

வீராசாமி மிரண்டு எழுந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. நீதானே சொன்ன, அரை நிமிஷத்துக்கு மேல ஓடுனா லைப்ரரி காசு கட்டணும்னு? ஏர்கோன் ரிப்பேர் செய்யவே பட்ஜெட் இல்லாம நீ வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்க. எங்களால உனக்கு எதுக்கு வீண் செலவு? அதான் அரை நிமிஷத்துக்குள்ள மூடிடறோம். விட்ட எடத்துலேர்ந்துதானே திரும்ப ஓடுது."

கணக்கு ஏன் ஸீரோ என்று நிர்மலாவுக்கு இப்போதுதான் விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

"படம் இன்னும் பாதிகூட வரலம்மா," என்றாள் இருசம்மாள் தயங்கித் தயங்கி. "லாரி எடுத்துக்கிட்டுப் போன அந்தப் பொண்ணு வீடு வந்து சேந்தாளா, இல்லையா? அத மட்டும் சொல்லிடு. நாங்க இனிமே வரல."

நிர்மலா போனை மேசையில் வைத்தாள். இருவரையும் உட்காரவைத்து, படத்தை ஓடவிட்டு, மௌஸைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அரை நிமிடம் தாண்டியது. இருசம்மாள் துடித்துப்போனாள். "ஐயோ, காசு போகுதே!"

"போகட்டும் ஆண்டி. போனாத்தான் படம் இங்க நிக்கும்."