ஏணைக் கொக்கி

மார்கழி வெக்கை தாங்காமல் நிரூஜன் படுக்கையறையில் சீலிங் ஃபேன் மாட்டினான். பூமியின் தென்கோடியில் மார்கழிதான் கோடை. த்ரீ கிங்ஸ் என்ற அந்தப் புறநகரில் அது வாடகை வீடு. இன்னொரு ஓட்டை போட்டால் வீட்டுக்காரன் பேசுவான். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டிலாக ஏணை கட்டவென்று ஆனி மாதம் அவனே கூரை மரத்தில் முறுக்கிவைத்த கொக்கி சும்மாதான் இருந்தது; ஃபேனை அதிலேயே தொங்கவிட்டான். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. ஏணைக்கு எடுத்துவைத்த நூல் சேலையை அவன் மனைவி சுதர்ஷிகா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மாட்டிய நாளிலிருந்தே ஃபேன் ஆடியது. "ஆடினால் ஆடட்டும், விடுங்கோ" என்றாள் சுதர்ஷிகா.

சனிக்கிழமை மத்தியானம் அவன் ஸ்டூலில் ஏறி இறக்கைகளைத் துடைத்தான், திருகாணிகளை இறுக்கினான், நாடா பிடித்து அளந்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறங்கி சுவிட்சைப் போட்டுப் பார்த்தான், பழையபடி ஆடியது. நிறுத்தினான். இறக்கைகள் நின்றன, ஆட்டம் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒருக்கால், சுவர்ப் பக்கம் ஒருக்கால் என்று தண்டு அவசரமில்லாமல் போய்வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"இதென்ன கோதாரி" என்று முணுமுணுத்தபடி மறுபடி ஏறி, கொக்கிக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டை வைத்து இறுக்கினான். ஃபேன் அசையாமல் நின்றது.

அவன் இறங்குமுன் தலைக்குமேல் ஒரு சிணுங்கல் கேட்டது. பிறகு வீறிட்ட அழுகை.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சுதர்ஷிகா ஈரக் கையோடு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் பயமில்லை, எரிச்சல்தான் இருந்தது.

"ஏனப்பா நிப்பாட்டினனீங்கள்? இப்பதானே நித்திரையாக்கிப்போட்டு வந்தனான்."